‘ஜம்போ’ என்ற சொல் யாருக்குச் சொந்தம்? அப்பளத் தொழில் நடத்தும் வாசகிக்கு ஒரு வணிகக் குறி வழக்கறிஞரின் பதில்

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில், அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அப்பளத் தொழில் நடத்திவரும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன். 2016 முதல், மறைந்த தம் தாயாரின் பெயரோடு ‘ஜம்போ அப்பளம்’ என்று சேர்த்து விற்றுவருகிறார். சாதாரண அப்பளத்தைப் போல இரண்டு மடங்கு அகலம் கொண்டது என்பதால் கல்யாண வீடுகளிலும் மெஸ்களிலும் நல்ல பெயர். பாக்கெட்டின் நடுவில் ‘ஜம்போ’ என்ற சொல் பெரிய சிவப்பு எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் அச்சகத்தார் சேர்த்துக் கொடுத்த யானைக்குட்டிப் படம். சொல்லின் மேல்மூலையில் டிஎம் என்ற சிறு எழுத்துகள். தாயாரின் பெயர் மேலே சிறியதாக இருக்கிறது. கடந்த ஆண்டு முதல் ‘ஜம்போ மினி’ என்ற பெயரில் சிறிய அப்பளமும் போடுகிறார்.

இந்நிலையில் வேறொரு நகரத்து நொறுக்குத்தீனி நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘ஜம்போ’ தங்கள் பதிவுபெற்ற வணிகக் குறி என்றும், 15 நாட்களுக்குள் அந்தச் சொல்லை அடியோடு கைவிட்டு, இருப்பிலுள்ள பாக்கெட்டுகளை அழித்து, 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தந்து, இணைத்துள்ள உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ‘பெரியது என்று பொருள்படும் ஊரறிந்த சொல்லுக்கு யார் உரிமை கொண்டாட முடியும், நோட்டீஸைத் தூக்கிப் போட்டுவிடலாமா’ என்று கேட்கிறார் வாசகி. எழுத்தைக் கொஞ்சம் மாற்றி ‘ஜம்பூ’ என்று போட்டால் போதும் என்கிறார் அவருடைய தம்பி. பணம் கொடுத்தால் ‘ஜம்போ’வை உங்கள் பெயரிலேயே பதிவு செய்து தருகிறேன் என்கிறார் ஒரு முகவர். நோட்டீஸோடு வந்த பதிவுச் சான்றிதழின் நகலையும் வாசகி அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் கோபம், பயம் இரண்டும் தெரிகின்றன. இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது. அகராதிச் சொல்லை ஒருவர் வேலி போட்டு அடைத்துக்கொள்ள முடியாது என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் சரியே. ஆனால் அந்தச் சொல்லை நீங்கள் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று பார்க்கும்போது, அந்தப் பாதுகாப்பின் கணிசமான பகுதியை உங்கள் பாக்கெட்டே கரைத்துவிட்டிருக்கிறது. இதை முதலில் விளக்கிவிடுகிறேன். என்ன செய்யலாம் என்பது அதிலிருந்தே வரும்.

பெயராக இருந்து அளவான சொல்

‘ஜம்போ’ தொடக்கத்தில் அளவைக் குறித்த சொல்லாக உலகெங்கும் பரவவில்லை. அது ஓர் ஆப்பிரிக்க யானையின் பெயர். 1865-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு வந்த அந்த யானை, குழந்தைகளை முதுகில் ஏற்றிச் சுற்றிப் புகழ் பெற்றது. 1882-இல் அதை அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பி. டி. பார்னம் விலைக்கு வாங்கினார். லண்டன் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததையும் அவர் விளம்பரமாக்கிக்கொண்டார். 1885-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ரயிலில் அடிபட்டு யானை இறந்தது. அதற்கு யார், எந்த மொழியிலிருந்து அந்தப் பெயரை வைத்தார்கள் என்பதில் அகராதியாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. பருத்து அசமந்தமாக இருக்கும் ஆளைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாக ஆங்கிலத்தில் அது அதற்கு முன்பே வழங்கியதற்கும் சான்று உண்டு. எப்படியிருந்தாலும், பார்னத்தின் விளம்பரத் தட்டிகளுக்குப் பிறகு, பெரியதாக உள்ள எதற்கும் ஒட்டிக்கொள்ளும் அடைமொழியாக அது மாறிவிட்டது.

1969-இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 747 விமானத்தை உலகம் ‘ஜம்போ ஜெட்’ என்றது. 1971-இல் ஏர் இந்தியா அந்த விமானத்தை வாங்கியபோது நம் நாளிதழ்களும் அப்படியே எழுதின. அனில் கும்ப்ளேவுக்கு ‘ஜம்போ’ என்ற செல்லப்பெயர் உண்டு. நிர்வாகிகளின் பட்டியல் நீண்டுபோனால் ‘ஜம்போ கமிட்டி’ என்று கேலி செய்கிறோம். உணவு வணிகத்தில் இந்தச் சொல் இன்னும் திட்டவட்டமானது. அமெரிக்காவின் முட்டைத் தரப்படுத்தலில், ஒரு டஜன் முட்டைகள் குறைந்தது 30 அவுன்ஸ் எடை இருந்தால்தான் ‘ஜம்போ’ என்று விற்கலாம். இறால், நிலக்கடலை, ஆலிவ் காய் ஆகியவற்றிலும் அது ஒரு பருமன் படிநிலை. ஆலிவ் வணிகர்கள் அதோடு நிற்காமல் அதற்கு மேலே ‘கொலோசல்’, ‘சூப்பர் கொலோசல்’ என்றும் படிகள் வைத்திருக்கிறார்கள். பெரியது என்று சொல்ல ஒரு சொல் போதாமல் போவது வியாபாரிகளுக்கு உலகெங்கும் உள்ள பழக்கம்.

இந்த வரலாற்றை நான் சொல்வது சுவைக்காக மட்டுமல்ல. சான்றாகவும் இது உங்களுக்குப் பயன்படும். 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம், பிரிவு 9-இல், ஒரு பொருளின் வகை, தரம், அளவு, பயன் முதலியவற்றைச் சுட்டுவதற்கு வணிகத்தில் வழங்கும் சொற்களை மட்டுமே கொண்ட குறியைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. காரணம் எளிது. பெரிய அப்பளம் செய்கிற எவரும் அது பெரியது என்று சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்லை ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால் மற்றவர்களின் வாய் அடைபடும்.

நம் நீதிமன்றங்கள் இதைப் பலமுறை சொல்லியிருக்கின்றன. பெரியதற்கு நேர் எதிரான சொல்லைப் பற்றிய தீர்ப்பு ஒன்று உண்டு: 1994-இல், ‘மைக்ரோனிக்ஸ்’, ‘மைக்ரோடெல்’ என்ற மின்னணுப் பொருள் குறிகளுக்கு இடையிலான வழக்கில், ‘மைக்ரோ’ என்பது அந்தத் தொழில்நுட்பத்தையே விவரிக்கும் சொல் என்பதால் அதில் யாரும் ஏகபோகம் கோர முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் இரண்டு பெரிய நூடுல்ஸ் நிறுவனங்கள் ‘மேஜிக் மசாலா’, ‘மேஜிகல் மசாலா’ என்று மோதியபோது, ‘மேஜிக்’ என்பது பொருளைப் புகழும், தொழிலில் பலரும் கையாளும் சொல் என்று சொல்லி வழக்குத் தள்ளுபடியானது. அப்பளத்தின் மேல் ‘ஜம்போ’ என்ற சொல்லும் இந்த வரிசையில் நிற்கத் தகுந்தது என்பதே என் கருத்து.

அளவாக இருந்து மறுபடி பெயராகும் வழி

ஆனால் சட்டம் இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. விவரிக்கும் சொல்லாக இருந்தாலும், நெடுநாள் பயன்பாட்டால் அது ஒரே ஒரு விற்பனையாளரை வாடிக்கையாளருக்கு நினைவூட்டும் நிலையை எட்டிவிட்டால், அதற்குப் பாதுகாப்பு கிடைக்கும். பிரிவு 9-இன் வரம்புரையும் (விதிவிலக்கு சொல்லும் பகுதி) பிரிவு 32-உம் இதைச் சொல்கின்றன. ‘சூப்பர் கப்’ என்ற தேயிலைக் குறி பற்றிய வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றமும் இந்தக் கோட்பாட்டை ஏற்றது. இதை ‘இரண்டாம் பொருள்’ என்பார்கள். நோட்டீஸ் அனுப்பிய நிறுவனத்தின் பகுதியில் ஒருவர் கடைக்குப் போய் ‘ஜம்போ ஒண்ணு குடுங்க’ என்று கேட்டால், கடைக்காரர் எதையும் கேட்காமல் அவர்களுடைய பாக்கெட்டை எடுத்துத் தருகிறாரா என்பதே கேள்வி. அப்படித் தருகிறார் என்று விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவு, வணிகர்களின் சாட்சியம் ஆகியவற்றால் நிரூபிக்க வேண்டிய சுமை அவர்களுடையது. அது லேசான சுமை அல்ல. அதே சமயம், முடியாத காரியம் என்றும் எண்ணிவிடாதீர்கள்.

ஆகவே, ஒரு சொல் அகராதியில் என்ன பொருள் தருகிறது என்பதோடு வழக்கு முடிவதில்லை. குறிப்பிட்ட பொருளின் மேல், குறிப்பிட்ட வாடிக்கையாளரிடம், அது அளவைச் சொல்கிறதா ஆளைச் சொல்கிறதா என்பதையே நீதிமன்றம் பார்க்கும்.

உங்கள் பாக்கெட் உங்களுக்கு எதிராகச் சொல்வது

பதிவுபெற்ற குறியையே ஒருவர் தம் பொருளின் வகை, தரம், அளவு ஆகியவற்றைச் சொல்லப் பயன்படுத்தினால் அது உரிமை மீறல் ஆகாது என்கிறது பிரிவு 30(2)(அ). தம் பொருளின் தன்மையை நேர்மையாக விவரிப்பவரைத் தடுக்க முடியாது என்கிறது பிரிவு 35. உங்களுடைய முதன்மையான கேடயங்கள் இவையே. இவற்றைப் பிடிக்க வேண்டுமானால் ‘நான் இந்தச் சொல்லை அளவு சொல்லவே போட்டேன்’ என்று நீங்கள் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அப்போது உங்கள் பாக்கெட்டை உயர்த்திக் காட்டி நான்கு கேள்விகள் கேட்பார்.

அளவு சொல்லும் சொல் எதற்காக இவ்வளவு பெரிய எழுத்தில், உங்கள் சொந்தக் குறியை விட எடுப்பாக இருக்கிறது என்பது முதல் கேள்வி. ‘சுகர் ஃப்ரீ’ என்ற இனிப்பூட்டிக் குறி தொடர்பாக 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு இங்கே பொருந்தும். ஒரு பால் கூட்டுறவு நிறுவனம் தன் சர்க்கரையில்லாத உறைபனி இனிப்பின் மேல் அந்தச் சொற்களைப் போட்டதை நீதிமன்றம் முற்றிலும் தடுக்கவில்லை. தன் சொந்தக் குறியை விடப் பெரிதாக அவை துருத்திக்கொண்டு நிற்பதை மட்டுமே தடுத்தது. எழுத்தின் பருமன் அழகு சார்ந்த விஷயம் என்றுதான் அச்சகத்தார் நினைப்பார்கள். வழக்கில் அதுவே நோக்கத்தின் சாட்சி.

இரண்டாவது, டிஎம் என்ற எழுத்துகள். ‘இதை நான் என் வணிகக் குறியாகக் கருதுகிறேன்’ என்று ஊருக்கு அறிவிப்பதே அவற்றின் வேலை. அச்சகத்தார் ‘பார்வையாக இருக்கும்’ என்று சேர்த்தார் எனத் தாங்கள் எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். இருந்தாலும், அந்த எழுத்துகளைச் சொல்லின் மேலேயே வைத்துக்கொண்டு அது வெறும் அளவுதான் என்று வாதிடுவது கடினம். வட்டத்துக்குள் ஆர் எழுத்தை நீங்கள் போடாதது நல்லதாயிற்று. பதிவாகாத குறிக்கு அதைப் போடுவது தனியாகவே தண்டத்துக்கு உரியது.

மூன்றாவது, ‘ஜம்போ மினி’. கடிதத்தில் என்னை அதிகமாகக் கவலைப்பட வைத்த வரி இதுதான். சிறிய அப்பளத்தின் மேலும் ‘ஜம்போ’ என்று போட்டால் அந்தச் சொல் அங்கே அளவைக் குறிக்கவில்லை. உங்கள் நிறுவனத்தைத்தான் குறிக்கிறது. எதிர்த்தரப்புக்கு இதைவிடச் சாதகமான ஆதாரம் நீங்களே தேடிக் கொடுத்தாலும் கிடைக்காது. ‘மினி’யை உடனே நிறுத்திவிடுங்கள்.

நான்காவது, யானைப் படம். யானை இல்லாத ‘ஜம்போ’ ஓர் அளவு. யானையோடு வரும் ‘ஜம்போ’ அந்தப் பழைய லண்டன் யானையைப் போல மறுபடி ஒரு பெயராகிவிடுகிறது. போதாக்குறைக்கு, நீங்கள் அனுப்பிய சான்றிதழில் உள்ள அவர்களுடைய லேபிளிலும் யானை இருக்கிறது. சிவப்பு நிறமும் இருக்கிறது. பதிவுச் சட்டம் ஒரு பக்கம் இருக்க, தோற்ற ஒற்றுமையால் வாடிக்கையாளர் ஏமாறுகிறார் என்று சொல்லி, பதிவே இல்லாமலும் தொடுக்கக்கூடிய வழக்கு ஒன்று உண்டு. உங்கள் யானை அந்த வழக்குக்கும் வழி காட்டுகிறது.

சான்றிதழைப் படிக்கும் முறை

‘அவர்கள் 2019-இல்தான் பதிவு செய்தார்கள், நான் 2016-இலேயே தொடங்கிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. சான்றிதழ் வழங்கிய நாள் 2019 என்றாலும், சட்டத்தின் பிரிவு 23-இன்படி விண்ணப்பித்த நாளே பதிவு நாளாகக் கொள்ளப்படும். நகலில் விண்ணப்ப நாள் 2015 என்று தெளிவாக இருக்கிறது. தவிர, 2013 முதல் பயன்படுத்துவதாகவும் அவர்கள் கோரியிருக்கிறார்கள். முந்திய பயன்பாட்டாளரைக் காக்கும் பிரிவு 34, அவர்களுடைய பயன்பாடு, பதிவு ஆகிய இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பே நீங்கள் தொடங்கியிருக்க வேண்டும் என்று கேட்கிறது. தாயார் காலத்தில், 2013-க்கு முன், இதே சொல்லோடு விற்றதற்குப் பழைய ரசீதுகள் இருந்தால் கதை மாறும். இல்லையென்றால் இந்த வாதத்தை விட்டுவிடுங்கள். பலவீனமான வாதம் பலமான வாதத்தையும் சேர்த்து இழுத்துவிடும்.

உங்களுக்குச் சாதகமான செய்தியும் அதே தாளில் இருக்கிறது. பதிவானது தனிச் சொல் அல்ல, லேபிள் முழுவதும். பிரிவு 17-இன்படி, ஒரு குறியின் முழு வடிவத்துக்கே உரிமை கிடைக்கும்; அதற்குள் இருக்கும் பொதுச் சொல்லுக்கோ தனித்தன்மையில்லாத பகுதிக்கோ தனி உரிமை கிடைக்காது. ஆகவே ‘ஜம்போ என்ற சொல்லே எங்களுடையது’ என்ற நோட்டீஸின் வாசகம் அவர்களுடைய சான்றிதழை விடப் பெரியது. இருப்பினும், லேபிளில் கண்ணில் படும் முதன்மையான அம்சம் எது என்றும் நீதிமன்றங்கள் பார்ப்பதுண்டு. அந்த வாதத்தை அவர்கள் வைப்பார்கள். அச்சொல் தனியாகவும் வேறு விண்ணப்பத்தில் பதிவாகியிருக்கிறதா, பதிவில் நிபந்தனை ஏதும் விதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். வணிகக் குறிப் பதிவுக்காகப் பொருட்களைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் அப்பளம் வரும் 30-ஆம் வகுப்பில் இந்தச் சொல்லைக் கொண்ட மற்றவர்களின் பதிவுகளையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பலர் வைத்திருந்தால், சொல் தொழிலுக்குப் பொதுவானது என்பதற்கு அது நல்ல சான்று.

பதிவு என்பது அசைக்க முடியாத முடிவும் அல்ல. பிரிவு 31 அதை முதல்நோக்குச் சான்றாக, அதாவது மறுத்து நிரூபிக்கும்வரை ஏற்கும் சான்றாக, மட்டுமே கொள்கிறது. தவறாகப் பதிவான குறியை நீக்கக் கோரி, பிரிவு 57-இன்கீழ் பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோ மனுச் செய்யலாம். முன்பு இதற்கென இருந்த மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் உங்கள் அளவிலான தொழிலுக்கு அந்த மனுவை முதல் அடியாக எடுத்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செலவும் காலமும் பிடிக்கும். அவர்கள் வழக்குத் தொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருங்கள்.

தம்பியின் யோசனையும் முகவரின் யோசனையும்

‘ஜம்பூ’ எதற்கும் உதவாது. வணிகக் குறிகளை ஒப்பிடுகையில் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதோடு காதுக்கு எப்படிக் கேட்கிறது என்பதும் பார்க்கப்படும். தொலைபேசியில் ஆர்டர் எடுக்கும் உங்கள் தொழிலில் காது இன்னும் முக்கியம். எழுத்தைத் திரித்தால், நேர்மையாக அளவு சொன்னேன் என்ற வாதமும் போய்விடும். நேர்மையாக அளவு சொல்பவர் எழுத்துப் பிழையோடு ஏன் சொல்ல வேண்டும்? ஆங்கில எழுத்திலிருந்து தமிழ் எழுத்துக்கு மாற்றினாலும் ஒலி அதேதான்.

முகவர் சொல்வது இதைவிட ஆபத்தானது. அந்தச் சொல்லுக்கு நீங்களே பதிவு கேட்டு விண்ணப்பித்துவிட்டால், பிறகு ‘இது யாரும் உரிமை கொண்டாட முடியாத பொதுச் சொல்’ என்று சொல்லும் தகுதியை இழந்துவிடுவீர்கள். ‘டிம்மர்’ என்ற சொல் பற்றிய 1999-ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்ற வழக்கில், தாமும் அச்சொல் கலந்த குறியைப் பதிவு செய்ய முயன்ற எதிர்வாதிக்கு அதுவே பாதகமாக அமைந்தது. அவர்களுடைய முந்தைய பதிவு இருக்கையில் உங்கள் விண்ணப்பம் தாண்டுவதும் அரிது. எனவே அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜிஎஸ்டி பதிவு, உத்யம் சான்றிதழ் ஆகிய மூன்றிலும் ‘ஜம்போ அப்பளம்’ என்ற பெயர் இருப்பதால் அரசாங்கமே பெயரை ஒப்புக்கொண்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அவை எதுவும் பெயருக்கு உரிமை தருவதில்லை. ஆனால் எந்த ஆண்டிலிருந்து விற்கிறீர்கள் என்பதற்கு நல்ல சான்றுகள், பத்திரமாக வையுங்கள்.

நோட்டீஸுக்கு என்ன செய்வது

தூக்கிப் போடாதீர்கள். பதில் தராவிட்டால் தண்டனை என்று சட்டம் சொல்லவில்லைதான். ஆனால் மௌனம் பின்னால் அலட்சியமாகக் காட்டப்படும். உங்களைக் கேட்காமலேயே இடைக்காலத் தடை உத்தரவு வாங்கவும் அது வழி செய்யும். உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞர் 15 நாட்களுக்குள் சுருக்கமான பதிலை அனுப்பட்டும். ‘ஜம்போ’ அப்பளத் தொழிலில் பருமனைக் குறிக்கும் சொல் என்பது, லேபிள் பதிவால் சொல்லுக்குத் தனி உரிமை வராது என்பது, வாடிக்கையாளர் குழப்பத்தைத் தவிர்க்க நீங்களாகவே பாக்கெட்டை மாற்றுகிறீர்கள் என்பது, அவர்களுடைய உரிமையை இதனால் ஒப்புக்கொள்ளவில்லை என்பது ஆகிய இவ்வளவு போதும். கோபமான வரிகள் வேண்டாம்.

உறுதிமொழிப் பத்திரத்தில் இப்போதுள்ள வடிவில் கையெழுத்திடாதீர்கள். அதன் இரண்டாவது பத்தி, சொல்லின் மீது அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்று உங்களை ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. கையெழுத்திட்டால், நாளை ‘ஜம்போ சைஸ்’ என்று சிறிய எழுத்தில் போடுவதற்குக்கூட அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

10 லட்சம் என்பது அவர்கள் கேட்கும் தொகை. யாரும் தீர்ப்பளித்த தொகை அல்ல. குறி பதிவானது தெரியாமலும், தெரிந்திருக்க நியாயமான காரணம் இல்லாமலும் பயன்படுத்தியவர், தெரிந்தவுடன் நிறுத்திவிட்டால், பெயரளவுக்கு மேல் இழப்பீடு விதிக்க பிரிவு 135 இடம் தரவில்லை. ‘தெரிந்தவுடன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நோட்டீஸ் கைக்கு வந்த நாளோடு உங்கள் அறியாமை முடிந்துவிட்டது. அதன் பிறகும் பழைய பாக்கெட்டிலேயே விற்றுக்கொண்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகும்.

அவர்கள் வழக்குத் தொடுக்கக்கூடிய நீதிமன்றங்களில் உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 148அ-இன்கீழ் கேவியட் மனுத் தாக்கல் செய்யுங்கள். அது 90 நாட்கள் செல்லும். அந்தக் காலத்தில் உங்களுக்கு அறிவிக்காமல் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கப்படாது. இப்படிப்பட்ட வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே தொடுக்க முடியாது; சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவும் இயங்குகிறது. வணிக நீதிமன்றங்கள் சட்டத்துக்கு உட்பட்ட வழக்கானால், அவசர நிவாரணம் கோராதவர்கள் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும் என்ற விதியும் உண்டு. அந்தப் பேச்சு நடந்தால் அதை நழுவ விடாதீர்கள். அளவைக் குறிக்க மட்டும் அச்சொல்லை நீங்கள் பயன்படுத்தலாம், குறியாகப் பயன்படுத்த மாட்டீர்கள் என்று இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொள்வது இத்தகைய தகராறுகளுக்கு நியாயமான முடிவு.

ஆதாரமில்லாமல் மிரட்டினார்கள் என்று பிரிவு 142-இன்கீழ் நீங்களே அவர்கள்மீது வழக்குப் போடலாம் என்று யாராவது சொல்லக்கூடும். வழி இருக்கிறது. ஆனால் பதிவுபெற்ற உரிமையாளர் உடனே மீறல் வழக்குத் தொடுத்துவிட்டால் அந்த வழி அடைபடும். தூங்கப் போகிறவரைத் தட்டி எழுப்பும் வேலை அது, வேண்டாம்.

புதிய பாக்கெட்

தாயாரின் பெயரைத் தனி எழுத்து வடிவத்தில், பாக்கெட்டின் முகப்பில், மற்ற எதையும் விடப் பெரிதாகப் போடுங்கள். அதன் கீழே ‘அப்பளம்’. அதற்கும் கீழே, சிறிய எழுத்தில், விட்டம் எத்தனை அங்குலம் என்பதோடு சேர்த்து ‘ஜம்போ சைஸ்’ அல்லது ‘பெரிய அளவு’ என்று ஒரு வரி. அளவு எண் பக்கத்தில் இருந்தால் சொல் தானாகவே அளவுச் சொல்லாகிவிடும். யானை வேண்டாம், சிவப்பு வேண்டாம், டிஎம் எழுத்துகள் தாயாரின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். மூன்று உரிமங்களிலும் தொழிற்பெயரைத் திருத்திக்கொள்வது நல்லது.

நிகர எடை எழுதும் வரியில் ‘ஜம்போ’வைச் சேர்த்துவிடாதீர்கள். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள் நிகர அளவை உள்ளபடியே தெளிவாகச் சொல்லச் சொல்கின்றன. மிகைச் சொல்லுக்கு அங்கே இடமில்லை. அமெரிக்க விதிகளும் ‘ஜயன்ட் குவார்ட்’ (குவார்ட் என்பது அங்கே ஒரு முகத்தல் அளவு) என்பது போன்ற அடைமொழிகளை அளவு வரியில் தடுக்கின்றன. குவார்ட் எப்போதும் ஒரு குவார்ட்தானே. இன்னொன்று, பெரியது என்று சொல்லிவிட்டு அப்பளத்தைச் சுருக்கினால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தவறான முத்திரையிடலாகக் கொள்ளப்படலாம். அதற்கு 3 லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. உளுந்து விலை ஏறும் மாதங்களில் விட்டத்தைக் குறைக்கும் ஆசை வந்தால் இந்த வரியையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

தாயாரின் பெயரையும் புதிய லேபிளையும் 30-ஆம் வகுப்பில் பதிவு செய்ய விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இணையம் வழியாகவே செய்யலாம். தனிநபருக்கும் உத்யம் சான்றிதழ் உள்ள சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவகத்தின் இதழில் விண்ணப்பம் வெளியான நாளிலிருந்து நான்கு மாதம் வரை பிறர் ஆட்சேபிக்கலாம். பதிவானால் பத்தாண்டு செல்லும், பின் புதுப்பிக்கலாம். பெண்களின் பெயர்கள் பல உணவுக் குறிகளில் இருப்பதால், அதே பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ‘ராட்சத’, ‘பீம’ போன்ற சொற்களை ‘ஜம்போ’வுக்கு மாற்றாகப் பெயரில் சேர்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அவையும் பெரியது என்றே சொல்கின்றன. உங்களுக்கும் அவற்றில் உரிமை கிடைக்காது, நாளை இன்னொரு நோட்டீஸ் வரவும் கூடும்.

கடைசியாக, ஐப்பசி முகூர்த்த ஆர்டருக்காக அச்சடித்து வைத்திருக்கும் பாக்கெட்டுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவற்றை அழிக்க வேண்டாம், அப்படியே விற்கவும் வேண்டாம். மெஸ், கல்யாண ஆர்டர்களை அச்சில்லாத உறையில் போட்டு, சட்டம் கேட்கும் விவரங்களோடு தாயாரின் பெயர் உள்ள சீட்டை ஒட்டி அனுப்புங்கள். கடைகளுக்குப் போகும் பாக்கெட்டுகளில் சொல்லும் யானையும் முழுவதும் மறையும்படி ஒட்டுச்சீட்டு ஒட்ட முடியுமா என்று அச்சகத்தில் கேளுங்கள். ஒட்டுவதற்கு முன் பழைய பாக்கெட்டில் ஐந்தாறை, 2016 முதலான அச்சுக் கூலி ரசீதுகளோடும் மற்ற நிறுவனங்களின் ‘ஜம்போ’ பாக்கெட்டுகளோடும் சேர்த்து ஓர் உறையில் போட்டு உங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள்.